படம் கிடைக்கும், படம் பிறந்த கதை?

இன்று கடையில் வாங்கும் மடிக்கணினியில் இறுவட்டுப் போட இடமில்லை. புளூரே கருவிகளைப் புதிதாகச் செய்வதை சம்சுங் 2019 இல் கைவிட்டது. எல்ஜி 2024 இல் நிறுத்தியது. தபாலில் டிவிடி அனுப்பியே வளர்ந்த நெட்பிளிக்ஸ், 25 வருட சேவையை 2023 செப்டெம்பர் 29 அன்று மூடியது. அமெரிக்காவின் பெரிய கடைத்தொடரான பெஸ்ட் பை, 2024 முதல் படத்தட்டுகளையே விற்பதில்லை. எங்கள் மாத்தளைத் திருகோணமலை வீதியில் இந்த மாற்றத்துக்கு அறிவிப்பு எதுவும் வரவில்லை. படத்தட்டு தொங்கிய இடத்தில் இப்போது கைத்தொலைபேசி உறைகள் தொங்குகின்றன, அவ்வளவுதான்.

இறுவட்டு போவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கெசட் போனது, வீடியோ டெக் போனது, இதுவும் போகட்டும். அதன் முதுகில் ஏறிவந்த ஒன்றும் கூடவே இறங்கிப் போகிறதே என்பதுதான் கவலை. இயக்குநரின் விளக்கவுரை, வெட்டப்பட்ட காட்சிகள், படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த காணொளி, நடிகர்களின் நிதானமான நேர்காணல் ஆகியவை படத்தோடு சேர்த்துத் தட்டில் பதியப்பட்டு வந்தன. அவற்றை மேலதிக அம்சங்கள் என்பார்கள். பெரிய நாடுகளின் பெரிய படங்களுக்கு அது ஒரு கொசுறு. நம்முடையது போன்ற சின்னச் சினிமாவுக்கு அதுதான் வரலாறாக இருந்திருக்கும்.

தட்டில் என்ன இருந்தது

இளம் வாசகர்களுக்காகச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். டிவிடிக்கு முன்னால் லேசர் தட்டு என்று ஒன்று இருந்தது. கிராமபோன் தட்டளவு பெரியது. அதில் ஒலிக்கென்று இரண்டு தடங்கள் உண்டு. பழைய படங்களுக்கு ஒரு தடம் போதும், மற்றது காலியாகக் கிடக்கும். 1984 இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் பழைய ‘கிங் கொங்’ படத்தை வெளியிட்டபோது, ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட ஆய்வாளரை உட்காரவைத்து, படம் ஓட ஓட அதைப் பற்றிப் பேசவைத்து, அந்தக் காலித் தடத்தில் பதிந்தது. விளக்கவுரை என்ற வழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

1996 இல் ஜப்பானிலும் அடுத்த வருடம் அமெரிக்காவிலும் டிவிடி வந்தது. ஒரே படத்துக்கு எட்டு ஒலித்தடங்கள், முப்பத்திரண்டு உபதலைப்புகள் வரை அதில் வைக்கலாம். ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ படங்களின் நீண்ட பதிப்பில் நான்கு தட்டுகள் இருந்தன. அவற்றில் இரண்டில் படமே இல்லை, படம் எடுத்த கதைதான். வாள் எப்படிச் செய்தார்கள், எந்தக் காட்சியை ஏன் வெட்டினார்கள், எங்கே பணம் போதாமல் போனது என்று மணிக்கணக்கில் ஓடும். சினிமாக் கல்லூரிக்குப் போக வசதியில்லாத பலருக்கு அந்தத் தட்டுகளே கல்லூரி.

நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ‘இண்டியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாவது படத்தில் வரும் இந்தியக் கிராமம் உண்மையில் கண்டி ஹந்தானையில் போட்ட செட். கதையமைப்பை மாற்றச் சொல்லி இந்திய அரசு நிபந்தனை போட்டதால், 1983 இல் படக்குழு இங்கே வந்தது. படத்தின் உச்சக்கட்டத்தில் அறுந்து விழும் கயிற்றுப் பாலத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் பக்கத்தில் விக்டோரியா அணைக்கட்டு வேலையில் இருந்த பிரிட்டிஷ் பொறியியலாளர்கள். கிராமத்துப் பெரியவராக நடித்த நம் டி. ஆர். நானாயக்காரவுக்கு ஆங்கில வசனம் வரவில்லை. கெமராவுக்கு இந்தப் பக்கம் நின்று இயக்குநர் ஸ்பீல்பேர்க் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுக்க, அவர் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொன்னார்.

படத்தை மட்டும் பார்த்தால் இவற்றில் ஒன்றும் தெரியாது. படக்குழுவினர் பிறகு நிதானமாக உட்கார்ந்து பேசினார்கள், அதை யாரோ பதிந்து வைத்தார்கள், அதனால் தெரிகிறது. மாத்தளையிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் நடந்த சம்பவம் நமக்கு ஹொலிவூட் வழியாகத்தான் தெரியவந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நமக்கு வந்தது படம் மட்டும்

டெக் காலத்தில் தோட்டங்களில் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் காசு சேர்த்து, தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, லயத்து வாசலில் வைத்து விடிய விடியப் படம் போடுவார்கள். மூன்று படம், நான்கு படம். அந்தக் கெசட்டுகளில் படத்துக்கு மேலே ஒன்றும் இருக்க வழியில்லை.

பிறகு விசிடி வந்தது. ஒரு தட்டில் 74 அல்லது 80 நிமிடம்தான் பிடிக்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டாவது வேண்டும். படத்துக்கே இடம் போதாத தட்டில் இயக்குநர் எங்கே உட்கார்ந்து பேசுவார்?

டிவிடியில் இடம் இருந்தது. ஆனால் நம் ஊர்க் கடைகளுக்கு வந்தவை பெரும்பாலும் கொப்பிகள். ஐந்து படங்களை நசுக்கி ஒரே தட்டில் போட்டு விற்றார்கள். நசுக்கும்போது முதலில் போனது மேலதிக அம்சங்கள், அடுத்தது உபதலைப்பு, சிலவற்றில் பாட்டும் போனது. என் அலுமாரியில் இன்னும் ஒன்று கிடக்கிறது. முன் அட்டையில் ஐந்து கதாநாயகர்களின் முகங்கள், மை மங்கி எல்லாரும் ஒரே நிறம். பின் அட்டையை லண்டனில் வெளியான ஏதோ அசல் தட்டிலிருந்து அப்படியே படியெடுத்திருக்கிறார்கள். ‘சிறப்பு அம்சங்கள்’ என்ற தலைப்பும் அதன் கீழே நான்கு வரியும் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. தட்டைப் போட்டால் அந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. படம் நேரே தொடங்கும், நேரே முடியும்.

இந்தியாவிலும் கதை பெரிதாக வேறில்லை. மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கி, திருட்டுத் தட்டோடு மல்லுக்கு நின்றது. அந்த விலையில் யாரும் இயக்குநரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைக்க மாட்டார்கள். 2018 இல் அந்த நிறுவனமே கலைப்புக்குப் போய்விட்டது.

ஆகவே மேலைநாட்டு ரசிகர்கள் ‘இருந்தது போய்விட்டதே’ என்று வருந்துகிறார்கள். நாம் அனுபவிக்காமலே இழந்திருக்கிறோம். தட்டுக் காலம் முழுவதும் தட்டைப் பார்த்தோம், அதன் பாதிப் பயனைக்கூடப் பெறவில்லை.

கேட்காமல் விட்ட கேள்விகள்

இலங்கைத் தமிழ்ச் சினிமாவில் மலையகத்தின் பங்கு சின்னது, ஆனால் முந்தியது. 1960களின் தொடக்கத்தில் வந்த முதல் படங்களில் ஒன்றின் பெயரே ‘தோட்டக்காரி’. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்த ‘புதிய காற்று’ 1975 இல் வந்தது. அதற்கு வசனம் எழுதியவர் தெளிவத்தை ஜோசப். எங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சுமந்த மாத்தளை கார்த்திகேசு, ‘அவள் ஒரு ஜீவநதி’ படத்துக்குக் கதை வசனம் எழுதித் தானே தயாரித்தார். 1980 இல் அது திரைக்கு வந்தது.

இந்தப் படங்களைப் பற்றி எனக்குக் கேட்க ஆயிரம் இருக்கிறது. எந்தத் தோட்டத்தில் எடுத்தார்கள்? கெமராவைக் கொண்டுபோக துரை சம்மதித்தாரா, சங்கம் போய்ப் பேச வேண்டியிருந்ததா? கொழுந்து எடுக்கும் காட்சியில் தெரிபவர்கள் நடிகைகளா, அன்றைக்கு அரைநாள் பேரை விட்டுவிட்டு வந்த தொழிலாளிகளா? அவர்களுக்கு யார் கூலி கொடுத்தது? வசனத்தில் மலையகப் பேச்சை அப்படியே வைப்பதா, கொட்டகைக்கு ஏற்றபடி சென்னைத் தமிழாக்குவதா என்று சண்டை நடந்திருக்குமே, யார் வென்றது? தணிக்கையில் எது போனது? மாத்தளையில் படம் எத்தனை நாள் ஓடியது, தோட்டத்துச் சனம் லொறி பிடித்து வந்து பார்த்ததா?

தெளிவத்தை ஜோசப் 2022 வரை நம்மோடு இருந்தார். இலக்கியக் கூட்டங்களில் பேசினார், நேர்காணல்கள் கொடுத்தார். அவருடைய சிறுகதைகளைப் பற்றியும் நாவல்களைப் பற்றியும் நிறையக் கேட்டோம். ‘புதிய காற்று’ படத்தை ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு ஒலிவாங்கியை வைத்து, காட்சி காட்சியாகச் சொல்லுங்கள் ஐயா என்று உட்காரவைத்திருந்தால் அது ஒரு பிற்பகல் வேலை. அந்தப் பிற்பகல் இனி வராது.

நல்லவேளையாக தம்பிஐயா தேவதாஸ் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ என்ற நூலை எழுதினார். யார் எடுத்தார்கள், யார் நடித்தார்கள், எப்படி ஓடியது என்று படம் படமாகத் தேடிப் பதிந்த நூல் அது. அது இல்லாவிட்டால் இந்தப் படங்களில் பலவற்றின் பெயரைக்கூட இன்றைய தலைமுறை அறிந்திராது. ஒரு சினிமாவின் மேலதிக அம்சங்கள் முழுவதையும் ஒரு தனிமனிதர் தன் கைச்செலவில் சுமந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் புத்தகத்தில் குரல் கேட்காது. சிரிப்பும் தயக்கமும் ‘அதை மட்டும் எழுதாதீங்க’ என்ற பேச்சும் அதில் வராது.

‘பொன்மணி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 இல் யாழ்ப்பாணத்தில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படம். இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர். எழுதியவர் காவலூர் இராசதுரை. நடித்தவர்கள் பலர் யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக, நாடக வட்டத்தினர். ஒரு சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதே தனி ஆவணப்படத்துக்குரிய விடயம். இராசதுரை 2014 இலும் பத்திராஜ 2018 இலும் காலமானார்கள்.

சுருளே அழிந்த கதையும் உண்டு. கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலையில் எரிக்கப்பட்டபோது பல படங்களின் மூலச்சுருள்கள் கருகிப்போயின. அதே ஜூலையில் மாத்தளை நகரத்துத் தமிழ்க் கடைகளும் எரிந்தன என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. படமே இல்லாமல் போன இடத்தில் அதைப் பற்றிய பேச்சாவது மிஞ்சியிருந்தால் அதுதான் முதல் சான்று. இதனால்தான் இதைக் கொசுறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சிங்களச் சினிமா நம்மைவிட ஓரளவு தப்பிப் பிழைத்திருக்கிறது. மூலச்சுருள் போய்விட்ட லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’வை மார்ட்டின் ஸ்கோர்செஸியின் அமைப்பு 2013 இல் மீட்டெடுத்தது, அப்போது லெஸ்டர் உயிரோடிருந்தார். சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமாய்’ மீட்கப்பட்டு 2025 இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே அவர் போய்விட்டார். அதே 2025 மே மாதம் மாலினி பொன்சேகாவும் மறைந்தார். ‘நிதானய’வின் நாயகி அவர், 1978 இல் ‘பைலட் பிரேம்நாத்’ படத்தில் சிவாஜி கணேசனோடு நடித்தவரும் அவரே. அந்த இந்திய இலங்கைக் கூட்டுத் தயாரிப்பைப் பற்றித் தமிழ் ரசிகர்களுக்கு அவர் சொல்ல எவ்வளவு இருந்திருக்கும். கேட்டு வைத்திருக்கலாம்.

எல்லாம் இணையத்தில் இருக்கிறதே?

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் கிடைத்த முதல் பதில் இதுதான். யூடியூப்பில் ‘மேக்கிங்’ காணொளிகள் கொட்டிக்கிடக்கின்றன, நடிகர் பேட்டிகள் நாளுக்கு நூறு வருகின்றன, இன்னும் என்ன வேண்டும் என்கிறார்கள்.

அந்தப் பேட்டிகளை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். எல்லாம் படம் வெளியாவதற்கு முந்திய வாரத்தில் எடுத்தவை. படத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், பேட்டி எடுப்பவர் உட்பட. அதனால் எல்லாப் படமும் ‘வித்தியாசமான முயற்சி’, எல்லாத் தளமும் ‘குடும்பம் மாதிரி’. விற்பனைப் பேச்சு அப்படித்தான் இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தட்டில் வந்த விளக்கவுரையோ படம் ஓடி, வென்று அல்லது தோற்று, கோபதாபம் அடங்கிய பிறகு பேசியது. இந்த இடத்தில் நான் தவறினேன் என்று ஓர் இயக்குநர் சொல்வது அப்போதுதான்.

இணையத்தில் படம் காட்டும் ஓடைத் தளங்களுக்கு இதில் அக்கறை குறைவு. சந்தா கட்டியவர் அடுத்த படத்துக்குப் போக வேண்டும் என்பதே அவர்களுடைய கணக்கு. பார்த்த படத்தைப் பற்றி இன்னொரு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதில் அவர்களுக்கு இலாபமில்லை. தட்டு விற்ற காலத்தில் மேலதிக அம்சம் இருந்தால் இரண்டு காசு கூட வைத்து விற்கலாம். இன்று அந்தக் காசு இல்லை, ஆகவே அந்த வேலையும் இல்லை.

இன்னொன்று, தளத்தில் இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. 2023 மே மாதத்தில் டிஸ்னி பிளஸ் தன் சொந்தத் தயாரிப்புகளையே டசின் கணக்கில் தூக்கியது. முந்தைய வருடம் வெளியான ‘வில்லோ’ தொடரும் அதில் போனது. இணையத்தில் படத்தை ‘வாங்கு’ என்று போட்டு விற்பவர்கள், வாங்குபவருக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் சட்டமே போட்டது. 2025 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அண்மைய உதாரணம் ஒன்று. நம் நாட்டவரான இளங்கோ ராம் 2023 இல் ‘டென்டிகோ’ என்ற சிங்களப் படத்தை எடுத்தார். அதே கதையைத் தமிழ்நாட்டில் ‘பெருசு’ என்று தமிழில் எடுத்தார். 2025 மார்ச்சில் அது வந்தது. ஒரு சாவு வீடு, ஒரு சங்கடம், இரண்டு மொழி. சிங்களக் குடும்பத்துக்குச் சிரிப்பாக இருந்த இடம் தமிழ்க் குடும்பத்துக்கு எப்படி மாறியது, எந்த நகைச்சுவை கடல் தாண்டவில்லை என்று அவரே இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் அது எவ்வளவு பெரிய பாடம்! தட்டுக் காலமாயிருந்தால் இரண்டையும் ஒரே உறையில் போட்டு அந்தப் பேச்சையும் சேர்த்திருப்பார்கள். இன்று ஒரு தளத்தில் ஒன்று, மற்றதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

யாருக்கு நட்டம்

முதல் நட்டம் மாணவர்களுக்கு. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் என்று ஒரு பாடம் இருக்கிறது. நாடகமும் அரங்கியலும் இருக்கிறது. ரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் கந்தேநுவரவிலும் அதைப் படிக்கும் பிள்ளை ‘அண்மைக் காட்சி’, ‘தொகுப்பு’ என்பவற்றை வரைவிலக்கணமாக மனப்பாடம் செய்கிறது. தொகுப்பதற்கு முந்திய காட்சியையும் தொகுத்த பிறகான காட்சியையும் ஒருதரம் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஐந்து நிமிட வேலை. அதைக் காட்டியவை அந்த மேலதிகத் தட்டுகள்தான். நக்கிள்ஸ் சரிவுகளில் சமிக்ஞை ஒரு பாறையில் கிடைத்து அடுத்த பாறையில் போய்விடும். டேட்டாவுக்குக் காசும் வேண்டும். தட்டுக்கு இரண்டும் வேண்டியதில்லை.

அடுத்தது மொழி. முப்பத்திரண்டு உபதலைப்புகளுக்கு இடம் இருந்த தட்டில், சிங்களப் படத்துக்குத் தமிழ் உபதலைப்போடு நம் கடைகளுக்கு வந்தவை எத்தனை? தமிழ்ப் படத்துக்குச் சிங்களத்தில்? மூன்று இனங்களும் ஒரே சந்தையில் கறிமிளகாய் வாங்கும் மாத்தளை போன்ற ஊரில், பக்கத்து வீட்டுச் சினிமாவை நாம் ஆங்கில உபதலைப்பில் பார்க்கிறோம், பார்த்தால்.

மூன்றாவது நம் வீட்டுத் தட்டுகள். கலியாண வீடியோ, பூப்புனித நீராட்டு விழா, முத்துமாரியம்மன் மாசிமகப் பஞ்சரத பவனியை வீட்டு வாசலிலிருந்து எடுத்த காணொளி, இறந்துபோன தாத்தா இரண்டு நிமிடம் பேசுகிற காட்சி. சொந்தச் சினிமா என்று நமக்கு இருப்பது இவைதான். வீட்டுக் கணினியில் எழுதிய டிவிடி, கடையில் விற்ற அச்சுத் தட்டைப்போல உழைக்காது. அதில் தகவலைத் தாங்குவது ஒரு சாயம். வெப்பமும் ஈரமும் வெயிலும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தையும் மாத்தளையையும் புரட்டிப்போட்டபோது, அலுமாரியில் வைத்தது பத்திரம் என்ற எண்ணமும் மண்ணோடு போனது.

மாத்தளையிலிருந்தே தொடங்கலாம்

இதற்கு அமைச்சும் ஆணைக்குழுவும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சில வேலைகளை இந்த மாவட்டத்திலேயே செய்யலாம்.

முதலாவது, விளக்கவுரைப் பதிவு. ஒரு பழைய இலங்கைத் தமிழ்ப் படத்தில் நடித்தவர், ஒப்பனை செய்தவர், கொட்டகையில் அதை ஓட்டிய ஒப்பரேட்டர், முதல்நாள் பார்த்த ரசிகர் என்று யாராயிருந்தாலும் சரி, உட்காரவைத்துப் படத்தைப் போடுங்கள். படத்தின் ஒலியை அவருக்குக் காதொலிப்பானில் கொடுங்கள், அவர் பேசுவதை மட்டும் கைத்தொலைபேசியில் பதியுங்கள். படத்தின் தலைப்பு தோன்றும் கணத்தில் ஒரு கைதட்டல் போதும். பிறகு எவரும் படத்தோடு அந்தப் பதிவைச் சேர்த்து ஓட்டிக்கொள்ளலாம். படத்தின் ஒலி கலக்காததால் அது பேசியவருடைய சொந்தப் பதிவாகத் தனியே நிற்கும். விமர்சனத்துக்கும் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் நியாயமான பயன்பாட்டை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அனுமதிக்கிறது. படம் கிடைக்காவிட்டால் பாட்டுப் புத்தகத்தையோ விளம்பரத் தாளையோ கையில் கொடுத்துப் பேசவையுங்கள்.

யார் இதைச் செய்வது? ஊடகக் கற்கை மாணவர்களுக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் கிடையாது. ஒரு பாடசாலை ஒரு தவணைக்கு ஒரு முதியவரைப் பதிந்தாலே ஐந்து வருடத்தில் கணிசமாகச் சேரும். ஆசிரியர் வழிகாட்ட, பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தால் பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள்.

இரண்டாவது, எங்கே வைப்பது. 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்து, மலையக நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறது; ஒலி, ஒளி ஆவணங்களுக்கு ‘ஆவணகம்’ என்ற தனிப் பிரிவையும் வைத்திருக்கிறது. பதிந்தவற்றை அங்கே கொடுங்கள், ஒரு பிரதியை மாத்தளைப் பொது நூலகத்திலும் வையுங்கள். முகநூலில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று விடாதீர்கள். 2023 இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூரும் ‘மலையகம் 200’ ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணத்தை வழியெங்கும் எத்தனை பேர் கைத்தொலைபேசியில் எடுத்தார்கள்! ஜூலை 28 இலிருந்து ஆகஸ்ட் 12 வரையான அந்தக் காட்சிகளில் பாதி இன்று எந்தத் தொலைபேசியில் கிடக்கிறது, எது உடைந்துபோனது என்று கேட்டால் பதில் இல்லை. அவற்றையும் இந்தக் கூடைக்குள் கொண்டுவரலாம்.

மூன்றாவது, மாநகர சபைக்கு ஒரு வேண்டுகோள். பொது நூலகத்தில் ஒரு மேசை போதும். அதில் வேலை செய்யும் டெக் ஒன்று, டிவிடி கருவி ஒன்று, கணினியோடு இணைக்கும் வெளித்தட்டு இயக்கி ஒன்று, ஒரு வன்தட்டு. வீட்டுக் கெசட்டையும் தட்டையும் மக்கள் கொண்டுவந்து, சின்னக் கட்டணத்துக்குப் பென்டிரைவில் மாற்றிக்கொண்டு போகட்டும். பழைய டெக்கை இன்னும் திருத்தத் தெரிந்த தொழிலாளிகள் நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். பிரதேச செயலகங்களின் கலாசார உத்தியோகத்தர்கள் நடமாடும் சேவையோடு இதைத் தோட்டங்களுக்கும் கொண்டுபோகலாம்.

நான்காவது, தேசியத் திரைப்படக் கூட்டுத்தாபனத்துக்கு. உதவித்தொகையோ வெளியீட்டு வசதியோ பெறும் ஒவ்வொரு படமும் மூன்று பொருளைக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: தமிழ், சிங்கள உபதலைப்புக் கோப்புகள், படம் ஓடி முடிந்த ஆறு மாதத்துக்குப் பின் பதிந்த இயக்குநர் விளக்கவுரை, வெட்டப்பட்ட காட்சிகளும் தளத்தில் எடுத்த படங்களும். தயாரிப்பாளருக்கு இது பெரிய செலவில்லை. அச்சிடும் புத்தகத்தின் பிரதியை அரசுக்கு ஒப்படைக்கும் வழக்கம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ரூபவாஹினி, வசந்தம் தொலைக்காட்சிகள் தமிழ்க் கலைஞர்களோடு எடுத்த பழைய நேர்காணல்களின் பட்டியலையாவது வெளியிட்டால், எந்தக் குரல் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு மிச்சத்தைத் தேடலாம்.

கடைசியாக வீட்டில் செய்யக்கூடியது. எழுதிய தட்டுகளை இந்த மாதமே வெளியே எடுங்கள். ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வன்தட்டில் ஒரு பிரதி, வேறொரு வீட்டில் இன்னொரு பிரதி. தட்டின் மேல் போல்பொயின்ட் பேனையால் எழுதாதீர்கள், மென்முனைப் பேனை பாவியுங்கள். யார் யார் தெரிகிறார்கள், எந்த வருடம், எந்தத் தோட்டம் என்று ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். அந்தக் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் இன்றும் இருந்தால், அவரை அழைத்து உட்காரவைத்துத் தட்டை ஓடவிட்டுத் தொலைபேசியில் பதிவுப் பொத்தானை அமுக்குங்கள்.